ஏழாம் துளைக்குப் போன பதினோரு மூட்டை

“துளையிடும் கம்பி, இயக்குபவரின் கட்டுப்பாடின்றித் தானாகக் கீழே இறங்கினால், பணியை அந்த நொடியே நிறுத்த வேண்டும். ஆழத்தைக் குறித்துக்கொண்டு மேலதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். எழுத்து மூலமான பதில் வரும்வரை அந்தத் துளைக்குள் எதையும் ஊற்றக் கூடாது.”

எங்கள் அலுவலகக் கையேட்டின் ஒன்பதாம் பிரிவு இது. எனக்குக் கீழே வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் இதை ஒப்பித்துக் காட்டியிருக்கிறேன். கையேட்டைப் பார்க்காமல் சொல்வேன். அவர்கள் சரிபார்த்துக்கொள்ள வசதியாகப் பக்க எண்ணையும் சொல்வேன். இப்படிப்பட்ட ஒருவனை ஓர் அலுவலகம் எவ்வளவு தாங்கிக்கொள்ளும் என்பது ஓய்வுபெறும் நாளில்தான் தெரிந்தது. வழியனுப்பு விழாவில் எனக்குக் கொடுத்த பரிசு, அதே கையேட்டின் புதிய பதிப்பு.

ஒன்பதாம் பிரிவு மீறப்பட்ட சம்பவம் என் பணிக்காலத்தில் ஒன்றே ஒன்றுதான். மீறியவன் நான்.

இதை எழுதச் சொன்னது காயத்ரி. கோயம்புத்தூர்ப் பெண். புனேயில், கராடிப் பகுதியில் குடியிருக்கிறாள். புனேயின் பூமிக்கடி ரயில் நிலையங்களை மறுபடி வரைந்துகொண்டிருக்கும் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். அவளுடைய குடியிருப்புத் தமிழர்கள் போடும் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமாம். “மெட்ரோன்னு யாரும் பேசாத காலத்துலயே ஸ்டேஷன் டிசைன் பண்ணவர்னு போட்டுக்கறோம் சார்” என்றாள். வரைந்தது உண்மை. நான் வரைந்த நிலையத்தில் இன்றுவரை ஒரு பயணிகூட ஏறவில்லை, இறங்கவில்லை என்பதையும் அருகிலேயே போட்டுவிடச் சொன்னேன்.

என் முன்கதை சுருக்கமானது. திருநெல்வேலியில் பள்ளி, சென்னையில் கட்டடப் பொறியியல், அதன்மேல் மண்ணையும் பாறையையும் பற்றி இரண்டு வருடப் படிப்பு. எழுபதுகளில் புனேயில் அரசு வேலை கிடைத்தது. தாபோடியில் வீடு பிடித்தேன். மராத்தியைப் பேருந்து நடத்துநர்களிடம் கற்றேன். அதனால் இன்றும் என் மராத்தி, யாரையோ ‘முன்னால் நகரு’ என்று விரட்டுவது போலவே இருக்கும். இருபது வருடம் பாலங்களுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பூமியைத் துளைத்துப் பார்த்துச் சொன்னேன். தொண்ணூறுகளின் நடுவில், நகருக்கு அடியில் ரயில் விடச் சாத்தியமா என்று பார்க்கும் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பழைய நகரத்தின் நடுவே அமைய வேண்டிய ஒரு நிலையம் என் மேசைக்கு வந்தது. நான் அதற்கு முன் பூமிக்கடி நிலையம் எதையும் கண்ணால் பார்த்ததில்லை.

பார்த்து வர இரண்டு நாள் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரே நிலையத்தில் பதினான்கு முறை ஏறி இறங்கிப் படிகளை எண்ணினேன். பதினைந்தாவது முறை ஒரு காவலர் என் பையைத் திறந்து பார்த்தார். உள்ளே அளவு நாடாவும் எலுமிச்சை சாதமும் இருந்தன. திரும்பி வந்ததும் நான் நிபுணனாகிவிட்டேன்.

பூமிக்கடி நிலையம் என்பது அடிப்படையில் மண்ணுக்குள் புதைத்த ஒரு நீளப் பெட்டி. மேல்தளத்தில் சீட்டு வாங்குவார்கள், கீழ்த்தளத்தில் ரயில் ஏறுவார்கள். வரைவது சுலபம். அந்தப் பெட்டிக்குள் மனிதர்களை விட்ட பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. தீப்பிடித்தால் நான்கு நிமிடத்தில் நடைமேடை காலியாக வேண்டும் என்று வைத்துக்கொண்டு படிக்கட்டின் அகலத்தைக் கணக்கிட வேண்டும். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, வாசலில் முதலில் மூன்று படி மேலே ஏற்றி அதன்பிறகுதான் கீழே இறக்க வேண்டும். உள்ளே அடைந்த வெப்பத்தை வெளியேற்றக் காற்றுக்கூண்டுகள் வேண்டும். என் காற்றுக்கூண்டை வரைபடத்தில் கச்சிதமாக நிறுத்திவிட்டு, ஏதோ நானே கண்டுபிடித்தது போலப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அதிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி ஒரு கல்கூண்டு இருநூறு வருடங்களுக்கு மேலாக நின்றுகொண்டிருந்தது. மராத்திய அரசை நடத்திய பேஷ்வாக்கள் காலத்தில் காத்ரஜ் ஏரியிலிருந்து நகருக்குள் பூமிக்கடியில் கால்வாய் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வழியில் அடைபடும் காற்று வெளியேற, அங்கங்கே சதுரமான கல்கூண்டுகளை எழுப்பினார்கள். கால்வாயின் கிளைகள் வீதிகளுக்கு அடியிலும் வீடுகளுக்கு அடியிலும் ஓடி, ஹௌத் என்று அவர்கள் சொல்லும் கல்தொட்டிகளில் போய் விழும். சில கிளைகளில் அப்போதும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடிக்க மாட்டார்கள். துவைக்க, கழுவ, பாத்திரம் துலக்க அதுதான்.

இந்தக் கால்வாய் எனக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வரைபடத்தில் அது புள்ளிக்கோடாக இருந்தது. அருகில் ‘தோராயமாக’ என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

என் நிலையத்துக்கு ஒன்பது துளைகள் போட வேண்டும். மற்ற எட்டும் முடிந்த பிறகு கடைசியாகப் போட்ட ஏழாவது துளை, ஒரு பழைய மரவீட்டின் முற்றத்தில் வந்தது. ஆறு குடும்பங்கள் வாடகைக்கு இருந்த வீடு. முற்றத்தின் ஓரத்தில், கிணறு போல ஆழமாகப் படியிறங்கும் கல்தொட்டி. தரைத்தளத்தில் மாலதி என்ற பெண்மணி மாணவர்களுக்குச் சாப்பாட்டு மெஸ் நடத்திவந்தார். நாற்பது வயது இருக்கும். எல்லோரும் தாயி என்று கூப்பிடுவார்கள், நம் ஊர் அக்கா மாதிரி. மதியம் நாற்பது தட்டு, இரவு நாற்பது தட்டு. குழாய்த் தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும், அது சமையலுக்கே சரியாகிவிடும். அத்தனை தட்டுகளையும் துலக்கியது கல்தொட்டித் தண்ணீர். அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் மெஸ் இல்லை. இதை அவர் முதல் நாளே எனக்குச் சொல்லிவிட்டார்.

“அண்ணா, முற்றத்துல என்ன வேணா பண்ணுங்க. என் ஹௌதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது.” அவர் பேசியது மராத்தி, என் காதில் விழுந்ததைத் தமிழில் தருகிறேன். அண்ணா மட்டும் அவர் சொன்னதுதான்; அங்கே தெற்கத்தியர் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணா.

“ஒன்றும் ஆகாது, விதிப்படிதான் செய்வோம்” என்றேன்.

துளை போட்டது திருச்செங்கோட்டுக்காரர் ராமசாமி. இந்தியாவில் எங்கே பூமியில் ஓட்டை போட்டாலும் அங்கே ஒரு திருச்செங்கோட்டுக்காரர் இருப்பார். இவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். பாறையை ஓசையிலேயே சொல்லிவிடுவார். நான் அதே பாறையைப் பெட்டியில் அடுக்கி, பூதக்கண்ணாடியில் பார்த்து, மூன்று பக்கம் எழுதி, கடைசியில் அவர் சொன்னதையே சொல்வேன். எனக்குச் சம்பளம் அதிகம்.

1996 மார்ச் 9, சனிக்கிழமை. ஆறு மீட்டருக்குச் சற்று மேல் ஆழத்தில் போய்க்கொண்டிருந்தபோது ராமசாமி இயந்திரத்தை நிறுத்தினார்.

“சாருங், கம்பி தானா எறங்கிருச்சுங்க.”

“எவ்வளவு?”

“ஒண்ணரை அடி இருக்குமுங்க. நாம விடற தண்ணி திரும்பி மேல வந்துட்டிருந்ததும் நின்னு போச்சுங்க. உள்ளுக்க எங்கியோ ஓட்டை கெடக்குது பாருங்.”

இந்த இடத்தில் என் மூளை எப்படி வேலை செய்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒன்பதாம் பிரிவு உடனே நினைவுக்கு வந்தது. அதோடு பதினான்காம் பிரிவும் வந்தது. எந்தத் துளையையும் இரவு திறந்து விடக் கூடாது, அன்றே சிமென்ட் கரைசல் ஊற்றி மூட வேண்டும் என்பது பதினான்கு. ஒன்பதைக் கடைப்பிடித்தால் கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பதினான்கைக் கடைப்பிடிக்கச் சிமென்ட் போதும். திங்களன்று மேலதிகாரி பார்வையிட வருகிறார். ஒன்பது துளைகளும் முடிந்தன என்று காட்ட வேண்டும். ஆகவே, கம்பி இறங்கியதைக் ‘கம்பி தானாக இறங்கியது’ என்று எழுதாமல், ‘பாறை வெடிப்புப் பகுதி’ என்று பதிவேட்டில் எழுதினேன். வெடிப்பு என்று எழுதிவிட்டால் ஒன்பதாம் பிரிவுக்கு அங்கே வேலை இல்லை. விதியை நன்றாகப் படித்தவன் விதியை மீறுவது இப்படித்தான். படிக்காதவனுக்கு இந்த வசதி கிடையாது.

“மூடிடலாம் ராமசாமி” என்றேன்.

“இதுக்குள்ள ஊத்தறதுங்களா?” என்று ஒரு முறை கேட்டார். நான் பதினான்காம் பிரிவைச் சொன்னேன். அவர் மூட்டையைப் பிரித்தார்.

அந்த ஆழத்துக்கு வழக்கமாக இரண்டு மூட்டை போகும். நான்கு போனது. ஆறு போனது. எட்டாவது மூட்டையைக் கரைக்கும்போது ராமசாமி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “இந்தக் குழிக்கு வயிறே இல்லீங்க போல. வாய் மட்டுந்தான் இருக்குதுங்.”

பதினொன்றாவது மூட்டையில் துளை நிறைந்தது. ‘திருப்திகரமாக மூடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிறு காலை கல்தொட்டிக்குச் சாம்பல் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. மதியம் நின்றது.

திங்களன்று இயந்திரத்தைக் கழற்றுவதைப் பார்க்கப் போனபோது தாயி தொட்டிக்குள் இறங்கி நின்று அடியில் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். “இந்த வருஷம் வெயில் சீக்கிரம் வந்திருச்சு அண்ணா. ஹௌத் காஞ்சு போச்சு” என்றார். இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கும் ராமசாமிக்கும் தட்டு வைத்தார். பாக்ரி என்கிற சோள ரொட்டி, கடலைமாவுப் பிட்லா, எனக்கு மட்டும் தனியாக ஒரு கிண்ணம் சோறு. “மதராசிக்குச் சோறு இல்லாம தொண்டைல இறங்காது” என்று வழக்கம்போலக் கிண்டல் செய்தார். அன்று சோறும் இறங்கவில்லை.

வெளியே வந்ததும் ராமசாமி சொன்னார்: “ரெண்டு நாள்தான் ஆச்சுங். இன்னும் முழுசா இறுகியிருக்காது. இன்னைக்கே தொட்டி வழியா உள்ள போனா கரண்டில சொரண்டி எடுத்துப்போடலாமுங்க.”

“அனுமதி இல்லாமல் பழைய கால்வாய்க்குள் போக முடியாது.”

“சிமென்ட்டுக்கு அனுமதி கேட்டீங்களாக்கும்?”

அலுவலகத்துக்குப் போய்க் கடிதம் எழுதினேன். ‘கிளைக் கால்வாயில் அடைப்பு ஏற்பட்டிருப்பதாகத் தெரியவருகிறது. உள்ளே சென்று பார்வையிடவும் அடைப்பை நீக்கவும் அனுமதி வேண்டப்படுகிறது.’ மூன்று துறைகளுக்கு நகல். என் சொந்தக் குறிப்பேட்டில் ஒரு வரி: கடிதம் போன நாள் 1996 மார்ச் 11. அதற்கு எதிரே ‘பதில் வந்த நாள்’ என்று ஒரு கட்டம். நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்துக்கும் அப்படி ஒரு கட்டம் உண்டு.

இப்போது குல்கர்ணி சாஹேபைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மேலதிகாரி. மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை. தேநீரைச் சாசரில் ஊற்றி ஆறவைத்துத்தான் குடிப்பார். எந்தக் கோப்பு போனாலும் முதலில் ஒரே கேள்வி: “நியம் காய் சாங்தோ?” விதி என்ன சொல்கிறது என்று அர்த்தம். பிரிவு எண்ணோடு பதில் சொல்பவன் நான் ஒருவன்தான் என்பதால், அந்தக் கேள்வி எனக்கு விருது மாதிரி இருக்கும். கோப்பில் அவர் பேனாவால் எழுதி நான் பார்த்ததில்லை. பென்சிலால் ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதுவார். போய்ப் பேசினால் தலையாட்டுவார். பிறகு ரப்பரால் அதை அழித்து, ரப்பர்த் துகளை ஊதிவிட்டு, கோப்பைத் திருப்பித் தருவார். அவர் கையெழுத்து இல்லாமலேயே எல்லா வேலையும் நடக்கும். ஏதாவது தவறாகப் போனால் கோப்பில் அவர் இருந்ததற்கான தடயம் ஒரு மெல்லிய தேய்மானம் மட்டுமே.

என் மேசையில் இன்னொரு பதிவேடும் இருந்தது. சிமென்ட்டின் பலத்தை மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் சோதித்து எழுதும் பதிவேடு. வாழ்க்கையில் முதல் முறையாக அதையும் கடிதக் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள், கடிதம் எங்கள் கட்டடத்தை விட்டுப் புறப்பட்டிருந்தது. ஏழாம் நாள், இணைப்பு வரைபடத்தில் வடக்குத் திசைக் குறி இல்லை என்று திரும்பி வந்தது. குறி போட்டு அனுப்பினேன். பத்தாம் நாள் நினைவூட்டல் ஒன்று. சிமென்ட் மட்டும் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. கையேடு சொன்ன வேகத்தில் கெட்டியாகிக்கொண்டிருந்தது. அந்த விவகாரத்தில் விதிப்படி நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

தாயி இரண்டு தெரு தள்ளியிருந்த அடிபம்பிலிருந்து ஆள் வைத்துத் தண்ணீர் எடுக்கத் தொடங்கியிருந்தார். பரீட்சைக் காலம், மாணவர்களைப் பாதியில் விட முடியாது. பதிமூன்றாம் நாள் நான் அந்தப் பக்கம் போனபோது, மே மாதத்தோடு மெஸ்ஸை மூடிவிடப் போவதாக ஒரு பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் “வாங்க அண்ணா, சாப்பிட்டீங்களா?” என்றார். சாப்பிட்டுவிட்டதாகப் பொய் சொன்னேன்.

அன்று மாலை குல்கர்ணி சாஹேபின் அறைக்கு நானே போனேன்.

“சாஹேப், அந்த ஏழாம் துளைக் கடிதம்.”

கோப்பை எடுத்து என் கடிதத்தை மெதுவாகப் படித்தார். “ரொம்ப நல்ல கடிதம் அண்ணா. அடைப்பு இருக்கு, கால்வாய் இருக்கு. ஆள்தான் யாரையும் காணோம்.”

கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“கம்பி தானா இறங்கினா, நியம் காய் சாங்தோ?”

நான் ஒன்பதாம் பிரிவைச் சொன்னேன். முதல் முறையாகத் திக்கித் திக்கிச் சொன்னேன். பக்க எண்ணைச் சொல்லவில்லை.

அவர் தேநீரைச் சாசரில் ஊற்றினார். குடித்து முடித்தார். பிறகு பென்சிலை எடுத்து என் கடிதத்தின் ஓரத்தில் ‘ஞாயிறு’ என்று எழுதினார். நான் படித்துவிட்டேன் என்பதை உறுதி செய்துகொண்டார். ரப்பரை எடுத்து அழித்தார். துகளை ஊதினார்.

“ஞாயித்துக்கிழமை நான் சாத்தாரால பொண்ணு வீட்டுக்குப் போறேன். ஜீப் சாவி அந்த ஆணியில தொங்கும். தொங்கறது எனக்குத் தெரியாது.”

ஞாயிறு, பதினைந்தாம் நாள். மதியச் சாப்பாடு முடிந்து மாணவர்கள் போன பிறகு நானும் ராமசாமியும் உளி, சுத்தியல், டார்ச்சோடு போய் இறங்கினோம். காய்ந்த தொட்டியின் சுவரில், தண்ணீர் வந்து விழும் வாய் இருந்தது. இரண்டடி உயரம், கல் சட்டம். அங்கே நான் ராமசாமியை நிறுத்தினேன்.

“இருபத்திரண்டாம் பிரிவு. மூடிய இடத்துக்குள் ஆள் போகும் முன் விளக்கை ஏற்றி உள்ளே அனுப்பிப் பார்க்க வேண்டும். அணைந்தால் போகக் கூடாது. தொழிலாளியோடு அதிகாரியும் உடன் போக வேண்டும்.”

“அனுமதியே இல்லாம போறமுங்க.”

“அதனாலென்ன? மற்ற விதிகள் இருக்கின்றனவே.”

தாயி சமையலறையிலிருந்து ஒரு விளக்கைக் கொடுத்தார். அதை ஒரு கம்பியில் கட்டி உள்ளே நீட்டினோம். அணையவில்லை. ராமசாமி முன்னால், நான் பின்னால், வயிற்றால் ஊர்ந்தோம். அலுவலகக் காலணியோடுதான் போயிருந்தேன். ஊர்வதற்கான காலணி எதுவென்று கையேட்டில் இல்லை. சுண்ணாம்புச் சுவர் வழவழவென்று இருந்தது. யார் கட்டினார்களோ, ஓர் இடத்திலும் கை கீறவில்லை. என் தலை மட்டும் மூன்று இடத்தில் இடித்தது. மூன்று முறையும் ராமசாமி முன்னாலிருந்து, “பாத்து வாங் சாருங், பேஷ்வா கட்டுனது, உடைச்சுப் போடாதீங்” என்றார்.

பத்துப் பன்னிரண்டு மீட்டரில் அது இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் படுத்திருக்கும் எருமை மாதிரித் தெரிந்தது. கால்வாயின் கூரையில் என் துளை, மிகத் துல்லியமாக நடுவில். என் பணிக்காலம் முழுவதும் எதையும் அவ்வளவு சரியாக நடுவில் துளைத்ததில்லை.

இரண்டரை மணி நேரம் கொத்தினோம். ஓடும் தண்ணீரில் ஊற்றியதால் சிமென்ட் முழுப் பலத்துக்கு வரவில்லை. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. கொத்திய துண்டுகளைக் கோணியில் போட்டு நான் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு வந்து தொட்டியில் கொட்டுவேன். பின்னோக்கி ஊரும் கலையில் நான் அன்று அடைந்த தேர்ச்சி பிறகு எதற்கும் பயன்படவில்லை. கடைசித் துண்டு கழன்றபோது, பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் எங்கள் மேலே ஏறி வந்தது. என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு எனக்கு முன்னால் அது தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

நாங்கள் வெளியே வந்தபோது தாயி கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வீட்டின் ஆறு குடும்பங்களும் தொட்டியைச் சுற்றி நின்றன. கலங்கல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு பெண் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

“என்ன அடைச்சிருந்தது அண்ணா?”

“பாறை” என்றேன்.

தாயி ராமசாமியைப் பார்த்தார். ராமசாமி மேலே, வீட்டின் கூரை ஓடுகளை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் என் சட்டையைப் பார்த்த மனைவி, “பதில் வந்துதாக்கும்?” என்று கேட்டாள். வரவில்லை என்றேன். “பதில் வராம சட்டையக் கூட மாத்தமாட்டியளே, இன்னிக்கி என்னாச்சு?” என்றாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கோப்பில் முடியவில்லை. அடைப்பு நீக்கப்பட்டது என்று எழுத வேண்டுமானால், யார் அனுமதியோடு என்றும் எழுத வேண்டும். அனுமதி இல்லை. ஆகவே எழுதவில்லை. தாயியின் தட்டுகள் துலக்கப்பட்டுக்கொண்டிருந்தன. எங்கள் அலுவலகக் காகிதங்களின்படி கால்வாய் அடைந்தே கிடந்தது. என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. சாத்திய ஆய்வும் மூட்டை கட்டி அலமாரிக்குப் போனது. குல்கர்ணி சாஹேப் ஓய்வுபெற்றுச் சாத்தாராவுக்குப் போனார். சில வருடம் கழித்து நானும் கையேட்டின் புதிய பதிப்போடு வீட்டுக்கு வந்தேன். குறிப்பேட்டில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை அதைப் பார்ப்பேன். பார்த்து மூடிவைப்பேன்.

2009 ஜனவரியில் காயத்ரி தொலைபேசியில் வந்தாள். அதுவரை எனக்கு அவளைத் தெரியாது.

“சார், தமிழ்லயே பேசலாமா? பழைய ஃபைல்ல உங்க லெட்டர் ஒண்ணு இருக்கு. ப்ராஞ்ச் கால்வாய்ல அடைப்புன்னு. அதுக்கப்புறம் எதுவுமே இல்ல. அதனால அது டெட்னு எடுத்துக்கிட்டோம். ஸ்டேஷனோட ரூஃப் கரெக்டா அது வழியாப் போகுது. கால்வாய கட் பண்ணிடலாம்ல சார்? நீங்க ஓகேன்னா ஒரு மெயில் போட்டா போதும்.”

மறுநாள் அழைப்பதாகச் சொல்லி வைத்தேன். அடைந்து கிடக்கிறது என்று நான் எழுதியதுதான் கோப்பில் இருக்கும் ஒரே உண்மை. உள்ளே போய்த் திறந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் ராமசாமியும் நானும்தான். ராமசாமி எந்த மாநிலத்தில் எந்தப் பாறைமேல் இருக்கிறாரோ. உண்மையைச் சொன்னால் பதிவேட்டில் பொய் எழுதியவன், அனுமதியின்றிப் பழைய கட்டுமானத்தில் உளி வைத்தவன் என்று இரண்டு குற்றமும் என் ஓய்வூதியத்தின் தலையில் விழலாம். சொல்லாவிட்டால் தண்ணீர் நின்றுபோகும். இந்த முறை கொத்தி எடுக்கவும் முடியாது.

பேருந்து ஏறித் தாயியின் வீட்டுக்குப் போனேன். தலை நரைத்திருந்தது. மெஸ் அப்படியே இருந்தது. தட்டுகள் அறுபது ஆகியிருந்தன. தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை வாசலிலேயே கேட்டது. உட்கார வைத்துச் சோறு போட்டார். ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் கனத்துக்காக ஒரு கல்லை வைத்திருந்தார். அதை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

உருளையாக, குழாயில் வார்த்தது போல இருந்தது. என் துளையின் அளவு. சாம்பல் நிறம். ஒரு பக்கத்தில் சணல் நூல் ஒன்று பதிந்திருந்தது.

“பதிமூணு வருஷமா கேக்கணும்னு இருந்தேன் அண்ணா. பாறைக்குள்ள சாக்கு நூல் எப்படி வந்தது?”

“தெரிந்தே இருந்ததா?”

“அன்னிக்கே தெரியும். அடைச்சவன் யாரோ, உள்ள போய் எடுத்தவனும் அவன்தான். அப்புறம் எதுக்குக் கேக்கணும்? சாப்பிடுங்க.”

ஊறுகாய் போட்டார். சாப்பிட்டேன்.

அன்று மாலை சாத்தாராவுக்குத் தொலைபேசியில் பேசினேன். குல்கர்ணி சாஹேபின் குரல் மெலிந்திருந்தது. முழுவதும் கேட்டார். “நியம் காய் சாங்தோ?” என்றார், இருமிக்கொண்டே சிரித்தார். பிறகு, “இந்தத் தடவை பேனாவால எழுதுங்க அண்ணா. என் பேரையும் போடுங்க” என்றார்.

எழுதினேன். என் பழைய அலுவலகத்துக்குத்தான். ‘நான் பதிவேட்டில் தவறாக எழுதினேன். நான் ஊற்றினேன். நான் அனுமதியின்றி உள்ளே சென்றேன். கால்வாயில் இன்று தண்ணீர் ஓடுகிறது. அதை வெட்டக் கூடாது.’ அவர் சொன்னபடி அவர் பெயரைப் போட மனம் வரவில்லை. பென்சிலால் எழுதி, நானே அழித்துவிட்டேன். கல்லின் புகைப்படத்தை இணைத்தேன். வடக்குத் திசைக் குறியை மறக்கவில்லை. காயத்ரிக்கு ஒரு நகல் கொடுத்தேன். படித்துவிட்டு, “சார், இது ஒரிஜினலா போகட்டுமா, இல்ல ஒருதடவை யோசிக்கிறீங்களா?” என்று கேட்டாள். போகட்டும் என்றேன்.

நான்கு மாதம் ஒவ்வொரு பழுப்பு உறையையும் விசாரணை நோட்டீஸ் என்றே நினைத்துப் பிரித்தேன். மின்கட்டண ரசீதைக்கூட அப்படித்தான் பிரித்தேன்.

வந்த கடிதத்தில் விசாரணை பற்றி எதுவும் இல்லை. என் ஜனவரிக் கடிதத்தைப் பற்றியும் இல்லை. அதைக் கோப்பில் சேர்க்கப் போனவர்கள் பழைய கோப்பைத் திறந்திருக்கிறார்கள். அங்கே அதற்கு முந்தைய கடிதம் ஒன்று பதிலின்றி இருந்திருக்கிறது. வரிசையில் முதலில் வந்ததற்குத்தான் முதலில் பதில், அது நான்காம் பிரிவு. ஆகவே என் 1996-ஆம் வருடக் கடிதத்துக்குப் பதில் எழுதிவிட்டார்கள். இரண்டாவது கடிதத்தின் முறை இன்னும் வரவில்லை. வரும்போது பார்த்துக்கொள்கிறேன்.

பதிலின் சாரம் இது: கிளைக் கால்வாய்க்குள் சென்று அடைப்பை நீக்க அனுமதி வழங்கப்படுகிறது. பொறுப்பு அதிகாரி நேரில் உடனிருக்க வேண்டும். கட்டுமானத்துக்குச் சேதம் கூடாது. அடைப்பு நீக்கப்பட்ட பின் கால்வாய் பயன்பாட்டில் உள்ளதாகவே கருதப்படும். திட்டமிடப்படும் நிலையத்தின் மேல்தளம் அதற்குக் கீழே அமையுமாறு வரைபடம் திருத்தப்பட வேண்டும். ஏழு நாட்களுக்குள் பணியை முடித்து அறிக்கை தர வேண்டும்.

பணி முடிந்தது, சேதமில்லை, அதிகாரி உடனிருந்தார் என்று அன்றே அறிக்கை எழுதி அனுப்பிவிட்டேன். பிறகு குறிப்பேட்டை எடுத்து, அந்தக் காலிக் கட்டத்தைப் பேனாவால் நிரப்பினேன்.

பதில் வந்த நாள்: 2009 மே 14, வியாழக்கிழமை.